எதிரி நாட்டவர் சூட்டிய பெயர்: ஹு சியான்சூவும் அவர் அடையாளம் கண்ட மரமும்

1946 ஆம் ஆண்டு. சீனாவில் எட்டு ஆண்டுகள் நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. பெய்பிங் நகரில் (இன்றைய பெய்ஜிங்) தாவரவியலாளர் ஹு சியான்சூவின் மேசைக்கு ஒரு பொதி வந்து சேர்ந்தது. உள்ளே காய்ந்த சில கிளைகளும், நீண்ட காம்புள்ள சின்னஞ்சிறு கூம்புகளும் இருந்தன. அனுப்பியவர் பேராசிரியர் ஜெங் வான்ஜுன். ஊசியிலை மரங்களில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் அன்றைய சீனாவில் மிகக் குறைவு. அவராலேயே இந்த மரம் எந்தச் சாதியில் அடங்கும் என்று சொல்ல முடியவில்லை.

ஹு கிளைகளைப் பார்த்தார். பிறகு சஞ்சிகைகளைப் புரட்டினார். விடை ஒரு ஜப்பானியரின் கட்டுரையில் இருந்தது. 1941 இல் மிகி ஷிகெரு என்ற தொல்தாவரவியலாளர், ஜப்பானின் களிமண் படிவுகளில் கிடைத்த உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து, 'மெட்டாசெக்குவோயா' என்று ஒரு புதிய பேரினத்தை விவரித்திருந்தார். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பூமியிலிருந்து அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மரம் அது. அந்தச் சுவடும் மேசையில் கிடந்த கிளையும் ஒன்றுதான் என்பது ஹுவுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 1941 இல் மிகி அந்தக் கட்டுரையை எழுதியபோது, அவருடைய நாட்டின் இராணுவம் ஹுவின் நாட்டை ஆக்கிரமித்திருந்தது. ஹு கட்டியெழுப்பிய ஆய்வு நிறுவனத்தை அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படைகள் கைப்பற்றின. ஆனாலும் மரத்துக்கு மிகி வைத்த பேரினப் பெயரையே ஹு எடுத்துக்கொண்டார். தாவரவியல் பெயரீட்டு விதி அப்படித்தான் சொல்கிறது: முதலில் முறைப்படி பெயர் வைத்தவரின் பெயரே நிலைக்கும். விதி இருந்தாலும், அதைத் தட்டிக்கழிக்க வேறு காரணம் தேடும் மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். ஹு தேடவில்லை.

அவர் அப்படியொன்றும் சமரசத்துக்குப் பெயர்போனவரும் இல்லை. வாழ்நாள் முழுவதும் யாருடனாவது மோதிக்கொண்டே இருந்தவர்.

1894 இல் ஜியாங்சி மாகாணத்தில், அரச உத்தியோகத்தில் பல தலைமுறைகள் இருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். பழைய முறைப்படி செவ்விலக்கியங்களைக் கற்றவர் என்றாலும், அந்தக் கல்விக்கு மரியாதை கொடுத்த பேரரசின் பரீட்சை முறை அவருடைய பதின்ம வயதுகள் தொடங்குவதற்குள்ளேயே ஒழிக்கப்பட்டது. 1911 இல் பேரரசே கவிழ்ந்தது. மாகாண அரசின் புலமைப்பரிசிலுடன் அமெரிக்கா போனார். பேர்க்லியில் தாவரவியல் படித்துவிட்டு 1916 இல் திரும்பினார்.

திரும்பி வந்தவருக்கு முதலில் தெரிந்தது ஒரு வெறுமை. சீனத் தாவரங்களைப் பற்றிய உலக அறிவு முழுவதும் சீனாவுக்கு வெளியே இருந்தது. ஐரோப்பிய, அமெரிக்க சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாக மலைமலையாக ஏறி, கிளைகளையும் விதைகளையும் கொண்டுபோயிருந்தார்கள். இலண்டனிலும் பாரிஸிலும் பொஸ்டனிலும் உள்ள உலர்தாவரச் சேகரிப்புகளில்தான் சீனாவின் மரங்கள் பெயரோடு இருந்தன. தன் ஊர் மலையில் நிற்கும் மரத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள ஒரு சீன மாணவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. ஹுவும் கடந்தார். 1923 இல் மீண்டும் அமெரிக்கா சென்று, ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஆர்னல்ட் மரத்தோட்டத்தில் இருந்த சீனத் தாவரங்களை வைத்தே சீனப் பூக்கும் தாவரப் பேரினங்களின் தொகுப்பு ஒன்றை எழுதி, 1925 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதற்கு முன்பே அவர் நாட்டில் பிரபலமாகிவிட்டிருந்தார், தாவரவியலால் அல்ல. 1920களின் தொடக்கத்தில் சீன எழுத்துலகம் இரண்டாகப் பிளந்து நின்றது. பேச்சுமொழியில் எழுத வேண்டும் என்று ஹு ஷி முதலான புதிய தலைமுறையினர் முழங்கினார்கள். செவ்வியல் மொழியைக் கைவிடக்கூடாது என்று வாதாடிய சஞ்சிகையின் முன்னணிக் குரல்களில் ஒருவர் ஹு சியான்சூ. ஹு ஷியின் பேச்சுமொழிக் கவிதைத் தொகுப்பைக் கடுமையாக விமர்சித்து நீண்ட கட்டுரை எழுதினார். அந்தச் சண்டையில் அவர் பக்கம் தோற்றது. வரலாறு ஹு ஷியோடு போனது. அது சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து நிற்காத குணம் அப்போதே தெரிகிறது. இரு ஹுக்களும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டியது.

1928 இல் பெய்பிங்கில் ஃபான் நினைவு உயிரியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது தாவரவியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். பிறகு நிறுவனத்தின் இயக்குநரானார். இளைஞர்களை யுன்னானுக்கும் சிச்சுவானுக்கும் மாதக்கணக்கில் அனுப்பி மாதிரிகள் சேகரிக்க வைத்தார். 1934 இல் தன் மாகாணத்தின் லூஷான் மலையில் ஒரு தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். சீனத் தாவரங்களின் பெயர்கள் சீனாவிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

பிறகு போர் வந்தது.

லூஷான் மலை ஜப்பானியர் கைக்குப் போனது. பூங்காவை வளர்த்த சின் ரென்சாங்கும் சகாக்களும் யுன்னானுக்கு இடம்பெயர்ந்தார்கள். பெய்பிங் நிறுவனம் அமெரிக்கா தொடர்பான நிதியில் இயங்கியதால் சிலகாலம் தொடப்படாமல் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காமீது போர் தொடுத்ததும் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டே ஹு தெற்கே, ஜியாங்சி மாகாணத்தின் தாய்ஹே என்ற இடத்தில், புதிதாகத் தொடங்கப்பட்ட தேசியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள், தற்காலிகக் கட்டடங்கள், எப்போதும் போதாத உணவு. போருக்குள் இயங்கும் பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1944 இல், மாணவர்கள் தொடர்பான பிரச்சினை ஒன்றில் மேலிடத்தோடு முரண்பட்டு அந்தப் பதவியிலிருந்து விலகினார். அந்தப் பல்கலைக்கழகம் சியாங் கை-ஷெக்கின் பெயரைத் தாங்கியது. பிற்காலத்தில் அது அவருக்கு எதிராக எண்ணப்பட்ட குற்றங்களில் ஒன்றாக மாறப்போகிறது.

மரத்தின் கதை இந்தப் போர்க்காலத்துக்குள்தான் ஒடுங்கிக் கிடக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹு இல்லாமல் மரத்துக்குப் பெயர் இல்லை. ஆனால் ஹுவின் மேசைக்கு அது வந்து சேர்ந்தது பலருடைய கைகளின் வழியே.

தலைநகர் உள்நாட்டுக்கு, சொங்சிங் நகருக்கு, மாற்றப்பட்டிருந்தது. அரசாங்கத்தோடு பல்கலைக்கழகங்களும் திணைக்களங்களும் மேற்கே நகர்ந்தன. வழக்கமாக எந்தத் தாவரவியலாளரும் காலடி வைக்காத மலைப் பாதைகளில் படித்த மனிதர்கள் நடக்க நேர்ந்தது இப்படித்தான். 1941 குளிர்காலத்தில் கான் துவோ என்ற வனவியல் பேராசிரியர், ஹூபே-சிச்சுவான் எல்லையில் உள்ள மோதாவ்சி என்ற கிராமத்தைக் கடந்து போனார். அங்கே ஒரு பெரிய மரம் இலையில்லாமல் நின்றது. ஊசியிலை மரம்போல் இருக்கிறது, ஆனால் இலை உதிர்த்திருக்கிறது. அடியில் ஊரவர்கள் வழிபடும் ஒரு சிறு கோயில். ஊரில் அதற்கு ஒரு பெயரும் இருந்தது. தண்ணீரோடு தொடர்புடைய பெயர்.

1943 கோடையில் வாங் ஜான் என்ற வனத்துறை அதிகாரி வேறொரு காட்டை ஆய்வு செய்யப் புறப்பட்டார். வழியில் வான்சியான் நகரில் மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அங்கிருந்த விவசாயப் பாடசாலை அதிபர்தான் அந்த வினோத மரத்தைப் பற்றி அவரிடம் சொன்னவர். காய்ச்சல் தணிந்ததும் வாங் தன் பாதையை மாற்றிக்கொண்டு மோதாவ்சிக்குப் போனார். கிளைகளையும் கூம்புகளையும் சேகரித்தார். அது ஏற்கனவே அறியப்பட்ட 'நீர்ப் பைன்' மரமாக இருக்கும் என்று எண்ணி அப்படியே சீட்டு எழுதி வைத்தார். காய்ச்சல் வராதிருந்தால் அவர் நேர்வழியிலேயே போயிருப்பார்.

அந்த மாதிரியின் ஒரு சிறு பகுதி, ஒரு கிளையும் இரண்டு கூம்புகளும், 1945 இல் இன்னொருவர் கைவழியாக ஜெங் வான்ஜுனிடம் போனது. இது நீர்ப் பைன் அல்ல என்று ஜெங் உடனே சொல்லிவிட்டார். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருந்தன. கூம்பின் செதில்களும் அப்படியே. நீர்ப் பைனில் அவை மாறிமாறி அமைந்திருக்கும். கலிபோர்னியாவின் செக்குவோயாவிலும் அப்படித்தான். ஆனால் இரண்டு கூம்புகளை வைத்து முடிவு சொல்ல முடியாது. 1946 இல் தன்னுடைய மாணவர் ஷுவே ஜிருவை இரண்டு தடவை அந்தக் கிராமத்துக்கு அனுப்பினார். யாங்சி ஆற்றில் படகில் போய், பிறகு நூறு கிலோமீற்றருக்கு மேல் கள்வர் பயம் நிறைந்த மலைப் பாதையில் கால்நடையாக. அந்த இளைஞர் கொண்டுவந்த பூக்களும் கூம்புகளும்தான் ஹுவின் மேசைக்குப் போன பொதி.

யார் முதலில் கண்டுபிடித்தது என்று சீனாவில் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கானா, வாங்கா, ஷுவேயா என்று. ஊர்ச் சனங்கள் அதை எந்நாளும் கண்டுகொண்டுதான் இருந்தார்கள் என்பதை அந்த வாதம் பெரும்பாலும் மறந்துபோகிறது. அவர்கள் கோயில் கட்டி வைத்திருந்ததால்தான் அந்த ஒரு பெரிய மரமாவது வெட்டுப்படாமல் நின்றது என்று நினைக்க இடமுண்டு.

ஹு 1946 இறுதியில் செய்தியை ஒரு நிலவியல் சஞ்சிகையில் வெளியிட்டார். 1948 மே மாதம் ஜெங்கோடு சேர்ந்து முறைப்படி பெயரிட்டார்: மெட்டாசெக்குவோயா கிளிப்டோஸ்ட்ரோபாய்டிஸ். பின்பகுதி, வாங் ஜான் நினைத்ததுபோல அது நீர்ப் பைனைப் போன்றது என்பதைச் சொல்கிறது. முன்பகுதி மிகியினுடையது. போரின் இரு பக்கங்களிலும் நின்ற நாடுகளின் மனிதர்கள் ஒரே பெயருக்குள் சேர்ந்திருக்கிறார்கள்.

உலகம் வியந்தது. கிரீன்லாந்திலும் வடதுருவக் கனடாவிலும் வட அமெரிக்காவிலும் கிடைத்த சுவடுகளில், செக்குவோயா என்று பெயரிடப்பட்டிருந்தவை பல உண்மையில் இந்த மரம்தான் என்பது பிறகு தெரியவந்தது. ஒரு காலத்தில் வட அரைக்கோளம் முழுவதும் பரவியிருந்த இனம், சீனாவின் ஒரு மலை மடிப்புக்குள் மட்டும் எஞ்சியிருந்தது.

ஹு இதைக் கண்டுபிடிப்போடு விடவில்லை. ஜப்பான் தோற்ற கையோடு சீனாவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. மலைக் கிராமத்தில் எஞ்சிய மரங்களுக்கு என்ன நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தான் படித்த ஆர்னல்ட் மரத்தோட்டத்தின் எல்மர் மெரிலுக்குக் கடிதம் எழுதினார். மெரில் 250 அமெரிக்க டொலர் அனுப்பினார். 1947 இலையுதிர் காலத்தில் ஜெங்கின் உதவியாளர் ஒருவர் மலைக்குப் போய் விதை சேர்த்து வந்தார். 1948 ஜனவரியில் விதைகள் பொஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. மெரில் அவற்றைச் சிறு பொதிகளாக்கி உலகெங்கும் உள்ள தோட்டங்களுக்கு அனுப்பினார். முளைத்தன. வேகமாக வளர்ந்தன. இன்று ஐரோப்பிய, அமெரிக்கப் பூங்காக்களில் நெட்டையாக நிற்கும் இந்த மரங்களில் மூத்தவை அந்தப் பொதிகளின் பிள்ளைகள். 250 டொலருக்கு ஒரு இனம் உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பரவலுக்குள் ஒரு குறை இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1949 இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்தது. முந்திய ஆண்டுதான் ஹு சீனாவின் தேசிய ஆய்வுப் பேரவைக்கு உறுப்பினராகத் தெரிவாகியிருந்தார். பலர் தாய்வானுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஹு போகவில்லை. அவருடைய நிறுவனம் புதிய சீன அறிவியல் கழகத்தின் தாவரவியல் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. தலைமைப் பொறுப்பு அவருக்கு இல்லை, ஆய்வாளராகத் தொடர்ந்தார். சிந்தனைச் சீர்திருத்தக் கூட்டங்களில் தன்னைத்தானே விமர்சிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு அமைதியாக வேலை பார்த்திருந்தால் முதுமை சுகமாகக் கழிந்திருக்கும்.

1955 இல் தாவர வகைப்பாட்டியல் பற்றிய ஒரு பாடநூலை வெளியிட்டார். அக்காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் உயிரியல் முழுவதும் திரொஃபிம் லிசென்கோ என்ற ஒருவரின் கைக்குள் இருந்தது. மரபணு என்று ஒன்று இல்லை என்றும், அது முதலாளித்துவக் கற்பனை என்றும் சொன்னவர் அவர். கோதுமைச் செடியில் திடீரென்று வேறொரு இனமான ரை தானியம் தோன்றும் என்றும், சூழல் மாறினால் இனம் மாறிவிடும் என்றும் சொன்னார். இதை மறுத்த சோவியத் விஞ்ஞானிகள் வேலையையும் சிலர் உயிரையும் இழந்தார்கள். பயிர்களின் விதைகளை உலகெங்கும் தேடிச் சேர்த்த நிக்கொலாய் வவிலோவ் 1943 இல் சராதோவ் சிறையில் இறந்தார். சோவியத்தை அண்ணனாகக் கொண்டிருந்த சீனாவிலும் லிசென்கோவின் கொள்கைதான் பாடம். பிறப்புரிமையியல் வகுப்புகள் நிறுத்தப்பட்டிருந்தன.

ஹுவின் பாடநூல் லிசென்கோவின் இனக் கொள்கையைப் பெயர் சொல்லியே மறுத்தது. ஒரு இனம் இன்னொன்றாகத் திடீரென்று தாவுவதில்லை என்றும், உறவும் வம்சமும்தான் வகைப்பாட்டின் அடிப்படை என்றும் எழுதினார். அந்தக் கொள்கை அறிவியலின் பலத்தால் அல்ல, அரசியலின் பலத்தால் நிற்கிறது என்பதையும் சொல்லாமல் விடவில்லை. பல பத்தாண்டுகளாகக் கிளைகளையும் கூம்புகளையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வெறும் பொய்யாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நூற்றாண்டுகள் கழிந்தும் செதில்களின் அடுக்கு மாறாத ஒரு மரத்தை அவர் கையில் வைத்துப் பார்த்திருந்தார்.

சோவியத் நிபுணர்கள் ஆட்சேபித்தார்கள். விற்காமல் இருந்த பிரதிகள் அழிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஒக்ரோபரில் நடந்த கூட்டத்தில் சகாக்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவரைக் கண்டித்தார்கள். அறிவியல் கழகத்தின் உயர் உறுப்பினர் பட்டியல் அதே ஆண்டு வெளியானபோது, சீனத் தாவரவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான அவருடைய பெயர் அதில் இல்லை. அவரிடம் படித்தவர்களின் பெயர்கள் இருந்தன.

அடுத்த ஆண்டு காற்று மாறியது. ஸ்டாலினுக்குப் பிந்திய மொஸ்கோவிலேயே லிசென்கோவின் பிடி தளர்ந்திருந்தது. ஹுவுக்கு நடந்தது தவறு என்று மேலிடம் ஒப்புக்கொண்டது. அறிவியல் கழகத்தின் துணைத்தலைவர் ஜு கேஜென் நேரில் போய் வருத்தம் தெரிவித்தார். 1956 ஓகஸ்டில் சிங்தாவோ நகரில் நடந்த கருத்தரங்கில் பிறப்புரிமையியலாளர்கள் மீண்டும் வாய் திறந்தார்கள். அதில் ஹுவும் பேசினார். ஆனால் பறிக்கப்பட்ட உறுப்புரிமை அவருக்குத் திரும்பவில்லை. மன்னிப்பு வேறு, நீதி வேறு.

பத்து ஆண்டுகள் ஓரளவு நிம்மதி. அந்தக் காலத்தில், தான் பெயரிட்ட மரத்தைப் பற்றி நீண்ட கவிதை ஒன்று எழுதினார். இளமையில் எந்த யாப்புக்காகச் சண்டை போட்டாரோ அதே பழைய யாப்பில். 1962 இல் கட்சியின் நாளேடே அதை வெளியிட்டது. அன்றைய வெளிவிவகார அமைச்சர் சென் யி அதற்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்.

1966 இல் கலாசாரப் புரட்சி தொடங்கியது. பழைய யாப்பில் கவிதை எழுதியவர், அமெரிக்காவில் படித்தவர், சியாங்கின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தை நடத்தியவர், லிசென்கோவை எதிர்த்தவர். ஒரு மனிதரைக் குற்றவாளியாக்க இதைவிட நீளமான பட்டியல் தேவையில்லை. செங்காவலர்கள் அவருடைய வீட்டைப் பலமுறை சோதனையிட்டார்கள். நூல்களும் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் எடுத்துச் செல்லப்பட்டன. கண்டனக் கூட்டங்களில் நிறுத்தப்பட்டார். இருதய நோய் இருந்தது. 1968 ஜூலை 16 அன்று, தமது 74 ஆவது வயதில் இறந்தார்.

அவர் மீதான குற்றச்சாட்டுகள் 1979 இல் நீக்கப்பட்டன. 1984 இல் அஸ்தி லூஷான் மலைக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர் தொடங்கிய பூங்காவில், அவர் பெயரிட்ட மரங்களின் அடியில் வைக்கப்பட்டது. இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு.

இப்போது அந்தக் குறைக்கு வருகிறேன்.

1980களில், வெளிநாட்டுத் தோட்டங்களில் வளர்ந்த மெட்டாசெக்குவோயாக்களின் விதைகள் சரியாக முளைப்பதில்லை என்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பார்வைக்கு மரங்கள் ஆரோக்கியமாக இருந்தன. கூம்புகளும் நிறையக் காய்த்தன. ஆனால் பல விதைகள் வெறும் சக்கை. காரணம் எளிது. உலகெங்கும் போன மரங்கள் மிகச் சில தாய்மரங்களிலிருந்து வந்தவை. அவற்றின் கிளைகளை வெட்டிப் பதியம் வைத்துப் பெருக்கியவை வேறு. தனியாக நிற்கும் மரம் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. பக்கத்தில் இன்னொன்று நின்றாலும் அது பெரும்பாலும் உடன்பிறந்தது. எண்ணிக்கையில் இலட்சக்கணக்கில் பெருகிய இனம், மரபணுவில் ஒரு சிறு குடும்பமாகவே இருந்தது. ஒரு புதிய நோய் வந்தால் தாங்கும் சக்தி அந்தச் சிறு குடும்பத்துக்குள் இல்லாமல் போகலாம்.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 1947 இல் உள்நாட்டுப் போரின் நடுவே, 250 டொலரோடு, மலையேறி எட்டிய மரங்களில் பறித்த விதைகள் அவை. அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடும்போது எது கைக்கு வருகிறதோ அதுதான் மிஞ்சும். 1990களில் மீண்டும் சீனாவில், பள்ளத்தாக்கின் பல இடங்களில் நிற்கும் பல மரங்களிலிருந்து தனித்தனியாக விதை சேர்த்தார்கள். எந்த விதை எந்த மரத்தினுடையது என்று குறித்து வைத்தார்கள்.

இந்த வேலையை இப்போது டி.என்.ஏ. வரிசைப்படுத்தல் வேறொரு தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. 2023 இல் சீன ஆய்வாளர்கள் மெட்டாசெக்குவோயாவின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள். 11 சோடி நிறமூர்த்தங்கள். ஏறத்தாழ 800 கோடி எழுத்துகள். மனிதருடையதைவிட இரண்டரை மடங்கு. ஊசியிலை மரங்களின் டி.என்.ஏ.யில் பெரும்பகுதி, ஒரே வரிகள் திரும்பத் திரும்ப நகலானவை. அதனால்தான் அவற்றை வாசிப்பது இத்தனை காலம் பிடித்தது. ஒரே மாதிரியான துண்டுகள் இலட்சக்கணக்கில் கிழிந்து கிடந்தால் எதை எதோடு ஒட்டுவது? நீண்ட துண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் வந்த பிறகே இது சாத்தியமானது.

முழுத் தொகுதி ஒன்று கையில் இருந்தால், மற்ற மரங்களை அதோடு ஒப்பிடுவது மலிவாகிவிடும். ஒரு மரத்தின் இளந்தளிரைக் கொஞ்சம் பறித்தால் போதும். பள்ளத்தாக்கில் நிற்கும் எந்த மரம் எதற்குச் சொந்தம், எவற்றிடம் மட்டும் எஞ்சிய வேறுபாடுகள் இருக்கின்றன, விதைத் தோட்டங்களில் எந்தக் கிளைவழி விடுபட்டுப் போயிருக்கிறது, எதை எதோடு சேர்த்து நட்டால் நல்ல விதை கிடைக்கும் என்றெல்லாம் பார்க்கலாம். உறவும் வம்சமும்தான் அடிப்படை என்று 1955 இல் ஹு எழுதியது, இன்று தளிர்களில் எழுத்தெழுத்தாக வாசிக்கப்படுகிறது.

வூஹான் நகரத்தின் அடையாள மரம் இன்று மெட்டாசெக்குவோயாதான். சீனாவின் பல நகரங்களில் வீதியோரமாக வரிசையாக நிற்கிறது. இலையுதிர் காலத்தில் செம்பு நிறமாக மாறும்போது படமெடுக்கச் சனம் கூடும். ஆனால் இயற்கை பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது இன்னும் அழியும் ஆபத்திலுள்ள இனம். அந்தப் பட்டியல் நட்ட மரங்களை எண்ணுவதில்லை. லிசுவான் பகுதியில், பழைய பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் எஞ்சியிருக்கும் முதுமரங்கள் ஐயாயிரத்தைச் சற்றே தாண்டும். ஹுனானிலும் சொங்சிங்கிலும் இன்னும் சில. இலக்கமிட்டு, பாதுகாப்பு வலயம் அமைத்து, காவலர் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் நாற்றுகள்தான் இல்லை. பள்ளத்தாக்கின் ஈரநிலம் பல தலைமுறைகளாக நெல்வயலாகிவிட்டது. விழும் விதை வயலிலோ, வீட்டு முற்றத்திலோ, புல் அடர்ந்த கரையிலோ விழுகிறது. தானாக முளைத்து மரமாகும் நாற்றைக் காண்பது அரிது. ஆய்வாளர்கள் இப்போது முதுமரங்களின் தளிர்களை வாசித்து, தூரத்து உறவுள்ள மரங்களின் விதைகளைக் கலந்து வளர்த்து, அந்த நாற்றுகளை எங்கே மீளக் குடியேற்றலாம் என்று பள்ளத்தாக்கில் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மோதாவ்சியின் அந்தப் பெரிய மரம் இன்னும் காய்க்கிறது.